காதில் ஒரு குரல் இருக்கு, கேட்க யார் இருக்கா?

ஸ்டடி ஹாலிடேஸ் வந்துட்டா நம்ம கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பில் மூணு விஷயம் கண்டிப்பா சுத்தும். ஒண்ணு, போன வருஷத்து கொஸ்டின் பேப்பர். ரெண்டு, "யாராவது யூனிட் 4 நோட்ஸ் அனுப்புங்கடா". மூணாவது, இப்போ கொஞ்ச நாளா சேர்ந்திருப்பது: ஒரு தியான வீடியோவின் லிங்க். "பத்து நிமிஷம் ஹெட்போன் போட்டுக் கேளு மச்சான், மண்டை கிளியர் ஆகும்."

நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். மயிலாப்பூர் மாட வீதிக்குப் பின்னால் இருக்கும் எங்க வீட்டில் தனி ரூம் எல்லாம் கிடையாது. ஹாலில் தாத்தாவின் டிவி, சமையலறையில் குக்கர் விசில், வாசலில் காய்கறி வண்டியின் ஸ்பீக்கர். காலையில் அஞ்சரைக்கு மொட்டை மாடிக்குப் போய், தண்ணீர் டேங்குக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, காதில் ஒரு குரலோடு உட்கார்ந்தேன். ஒண்ணரை வருஷம் ஆச்சு. இப்பவும் உட்கார்கிறேன். அதனால் "ஆன்லைன் தியானம் எல்லாம் சும்மா டுபாக்கூர்"னு சொல்ல நான் வரவில்லை.

சொல்ல வருவது ஒரே ஒரு விஷயம்தான். ஆன்லைன் குரல் நமக்கு ஆரம்பிக்கக் கத்துக்கொடுக்கும், நல்லாவே கத்துக்கொடுக்கும். ஆனா அதைத் தாண்டி ஆழமாப் போகணும்னா, நமக்கு என்ன நடக்குதுன்னு நாம சொல்றதைக் கேட்க ஒரு ஆள் வேணும். அந்த ஆள் இல்லாம போறது ரிஸ்க்.

ஏன் இவ்வளவு உறுதியா சொல்றேன்னா, எனக்கு நெருக்கமான ஒருத்தனுக்கு நடந்தது. அவனிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன், பேர் வேண்டாம்.

தி.நகரில், ரங்கநாதன் தெருவுக்கு நடந்து போகும் தூரத்தில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தான். ரெண்டு அரியர். ரூம்மேட்ஸ் எல்லாம் ஊருக்குப் போயிட்டாங்க. "வீட்டிலேயே 10 நாள் விபாசனா" என்று ஒரு வீடியோ தொடர் கண்ணில் பட்டிருக்கிறது. காலை நாலு மணிக்கு எழுந்து, நாளைக்கு எட்டு மணி நேரம் உட்கார்ந்து, யாரிடமும் பேசாம, ராத்திரி சாப்பாட்டையும் விட்டுட்டு ஆரம்பிச்சான். முதல் ரெண்டு நாள் நல்லா போச்சாம். மூணாம் நாள் நெஞ்சு படபடன்னு அடிக்க ஆரம்பிச்சிருக்கு. ரெண்டு ராத்திரி தூக்கமே இல்லை. நாலாம் நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு எனக்கு போன் பண்ணினான். "என் கையைப் பார்த்தா என் கை மாதிரியே இல்லடா. சுவர் எல்லாம் பொய் மாதிரி இருக்கு."

அவன் போனில் இருந்த ஆப் அன்னிக்கு என்ன சொல்லியிருந்தது தெரியுமா? "வாழ்த்துகள்! தொடர்ந்து 4 நாள்!" கூடவே கலர் கலரா நட்சத்திரம்.

ஆப்பை மட்டும் திட்ட எனக்குத் தகுதி இல்லை. நான் சொன்ன பதில் அதைவிட மோசம். "பரவாயில்லடா, வருவதைக் கவனி, தானா போயிடும், விடாம உட்காரு"ன்னு சொன்னேன். நான் கேட்ட எல்லா ஆடியோவிலும் அதைத்தானே சொல்றாங்க! நல்லவேளை, அவன் எனக்கு அடுத்து அவங்க அக்காவுக்கும் போன் பண்ணினான். அக்கா விடியற்காலை பஸ் பிடிச்சு வேலூரிலிருந்து வந்தாங்க. தியானத்தை நிறுத்தச் சொன்னாங்க, தயிர் சாதம் ஊட்டாத குறையா சாப்பிட வச்சாங்க, டாக்டரிடம் கூட்டிட்டுப் போனாங்க. ஒரு வாரத்தில் தூக்கம் சரியாச்சு. எக்ஸாமும் எழுதினான். இப்போ நல்லா இருக்கான்.

அக்காவுக்குத் தியானத்தைப் பற்றி ஒண்ணும் தெரியாது. ஆனா அவங்க அவனைப் பார்த்தாங்க, அவன் சொன்னதைக் கேட்டாங்க. ஒண்ணரை வருஷம் உட்கார்ந்த எனக்கும் அந்த ஆப்புக்கும் அது வரல.

இங்கே ஒரு வித்தியாசத்தைச் சொல்லணும். தியானம் என்ற ஒரே பேரில் ரெண்டு வெவ்வேறு வேலைகள் நமக்கு வருகின்றன. முதலாவது, மனசை ஓரிடத்தில் நிறுத்துவது. மூக்கு நுனியில் மூச்சு வருது, போகுது, அதைப் பார். மனசு ஓடிப்போச்சா, திரும்பக் கூட்டிட்டு வா. இதுக்குப் பாலி மொழியில் ஆனாபானா என்று பேர். மனசு ஓடுவது உங்க தப்பு இல்லை. 2010ல் ஹார்வர்டின் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற இருவர் 2,250 பேரிடம் ஐபோன் வழியாக, நாளின் பல நேரங்களில், "இப்போ என்ன யோசிச்சிட்டு இருக்கீங்க?" என்று கேட்டுப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட 47 சதவீத நேரம் ஜனங்க செய்யும் வேலையை விட்டு வேறு எதையோ நினைத்துக்கொண்டிருந்தார்கள். சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் கிளாஸில் எடுத்திருந்தால் சதவீதம் இன்னும் ஏறியிருக்கும்.

ரெண்டாவது வேலைதான் விபாசனா. ஒரு கொசுவை வைத்துச் சொன்னால் சுலபமா புரியும். உட்கார்ந்திருக்கும்போது முழங்கையில் கொசு கடிக்குது. சாதாரணமா அடிப்போம். ஆனாபானாவில் அதைக் கண்டுக்காம மூச்சுக்குத் திரும்புவோம். விபாசனாவில் அந்த அரிப்பையே பார்க்கணும். எங்கே தொடங்குது, எப்படிப் பரவுது, எப்போ குறையுது. ரெண்டு நிமிஷம் பொறுத்துப் பார்த்தா ஒண்ணு தெரியும்: அரிப்பு வேற, "சொறியணும்" என்ற தவிப்பு வேற. ரெண்டும் வந்துட்டுப் போயிடுது. ரெண்டும் நான் இல்லை. (கொசுவத்தி ஏத்திட்டே உட்காரலாம், அதுக்கும் மீறி ஒண்ணு வரும்.)

கொசுக்கடிக்கு இது ஜாலியான பரிசோதனை. இதே பார்வையை அரியர் பயத்தின் மேல், அப்பாவிடம் சொல்லாத விஷயத்தின் மேல், பழைய துக்கத்தின் மேல், "நான்" என்ற நினைப்பின் மேலேயே வைக்கும்போது விளையாட்டு மாறுது. இது மனசை ரிலாக்ஸ் பண்ணும் மசாஜ் கிடையாது. அடியில் இருப்பதை மேலே கொண்டு வரும் வேலை. பல நேரம் அதுதான் நல்லது. சில நேரம், சிலருக்கு, தாங்காது.

இந்த முறை நம்ம கைக்கு வந்த வழியைப் பார்த்தாலே இதன் அருமை தெரியும். பர்மாவிலிருந்து சென்னைக்கு வந்தது அத்தோ மட்டும் இல்லை! 1846ல் பிறந்த லேடி சயடோ என்ற பர்மியத் துறவி, மடத்துக்குள் இருந்த இந்தத் தியானத்தை வீட்டு மனுஷங்களுக்கும் எடுத்துக்கொண்டு போனவர்களில் முக்கியமானவர். எளிய பர்மிய மொழியில் புத்தகம் புத்தகமா எழுதினார். அந்தக் காலத்து ஆன்லைன் அதுதான். அவர் வழியில் வந்த சயா தெட்ஜி ஒரு விவசாயி. அவரிடம் கற்ற ஊ பா கின், சுதந்திர பர்மாவின் அக்கவுன்டன்ட் ஜெனரல். ஃபைல் பார்த்துக்கொண்டே தன் அலுவலக ஊழியர்களுக்கும் தியானம் சொல்லிக்கொடுத்தவர்.

ஊ பா கினிடம் 1955ல் போய் நின்றவர் மாண்டலேயில் பிறந்த இந்திய வியாபாரி எஸ்.என்.கோயங்கா. கடுமையான ஒற்றைத் தலைவலி, எந்த வைத்தியத்துக்கும் கேட்கல. ஆனா தலைவலி தீரணும் என்று மட்டும் கேட்டதால், ஊ பா கின் முதலில் சேர்த்துக்கொள்ள மறுத்துவிட்டார். மனசைச் சுத்தம் பண்ணும் வேலைக்கு வா, தலைவலி போனால் அது கூடக் கிடைக்கும் லாபம் என்பது அவர் நிலை. இதை கோயங்காவே தன் உரைகளில் சொல்லியிருக்கிறார். கவனிச்சீங்களா? குரு முதலில் செய்த வேலை, வந்தவர் எதுக்கு வந்திருக்கார்னு கேட்டது. எந்த வீடியோவும் நம்மை அப்படிக் கேட்பதில்லை. பிளே அமுக்கினால் ஓடுது.

1969ல் கோயங்கா இந்தியா வந்தார். ஜூலையில் பம்பாயில் முதல் 10 நாள் முகாம். அடுத்த முகாம் எங்கே தெரியுமா? நம்ம மெட்ராஸில். இன்னிக்கு அந்த வழியில் நடக்கும் மையம் குன்றத்தூர் பக்கம் திருமுடிவாக்கத்தில் இருக்கு, பேர் தம்ம சேது. கட்டணம் கிடையாது. ஏற்கனவே முகாம் முடித்தவர்களின் நன்கொடையில்தான் ஓடுது. காலை நாலு மணி மணியோசை, பேச்சு கிடையாது, போனை முதல் நாளே வாங்கி வச்சிடுவாங்க.

என் வாதத்துக்கு முக்கியமான விஷயம் இனிமேல்தான். அங்கே போனாலும் நீங்க கேட்கப்போவது ரெக்கார்டிங்தான்! கோயங்கா 2013 செப்டம்பரில் காலமானார். அதற்கு ரொம்ப முன்னாடியே, 1980களிலிருந்தே, முகாம்கள் அவருடைய பதிவு செய்த குரலில்தான் நடந்து வருகின்றன. அப்படிப் பார்த்தால் தொழில்நுட்ப ரீதியா அதுவும் ஒரு 'ஆடியோ கைடட்' தியானம்தான். அப்போ அந்த ஃபைலை அப்படியே நெட்டில் போட்டு, வீட்டிலேயே பண்ணுங்கன்னு சொல்லியிருக்கலாமே? சொல்லல. குரல் ரெக்கார்டிங்காக இருந்தாலும், ஒவ்வொரு முகாமிலும் உயிரோட ஒரு உதவி ஆசிரியர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். மதிய உணவுக்குப் பின் தனியாகப் போய் அவரிடம் பேசலாம். விண்ணப்பப் படிவத்திலேயே உடல்நிலை, மனநிலை பற்றிக் கேட்கிறார்கள். ஆன்லைனில் எல்லாருக்கும் இலவசமாகக் கொடுப்பது ஆனாபானாவின் சின்ன ஒலிப்பதிவை மட்டும். விபாசனாவைக் கற்க நேரில் வா என்கிறார்கள்.

பேசுவதை மெஷினிடம் விடலாம், கேட்பதை மட்டும் மனுஷன்தான் செய்யணும் என்று கோடு போட்டிருக்காங்க. அந்தக் கோடு எனக்குச் சரியாகப் படுகிறது.

கோயங்கா வழிதான் ஒரே வழி என்று இல்லை. பர்மாவின் மகாசி சயடோ வழியில், வயிறு ஏறி இறங்குவதை "ஏறுது, இறங்குது" என்று மனசுக்குள் குறித்துக்கொண்டே போவாங்க. அந்த முகாம்களிலும் என்ன கவனித்தாய் என்று ஆசிரியரிடம் போய்ச் சொல்வது பயிற்சியின் ஒரு பகுதி. மதச் சாயல் வேண்டாம் என்பவர்களுக்கு, 1979ல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய 8 வார மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சி இருக்கு. அதிலும் ஒவ்வொரு முறை உட்கார்ந்து எழுந்ததும் ஆசிரியர் கேட்கும் முதல் கேள்வி, "எப்படி இருந்தது?" என்பதுதான்.

ஆராய்ச்சி என்ன சொல்லுது? நமக்கு நெருக்கமானது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 616 மாணவர்களிடம் செய்து 2018ல் வெளியான ஆய்வு. பாதிப் பேருக்கு 8 வார மைண்ட்ஃபுல்னெஸ் வகுப்பு, மீதிப் பேருக்கு வழக்கமான உதவி மட்டும். எக்ஸாம் நேரத்தில் வகுப்புக்குப் போனவர்களின் மன உளைச்சல் குறைவாக இருந்தது. ஆனா அது ஆப் கிடையாது. வாரம் ஒரு முறை, ஒரு ஆசிரியருடன், குழுவாக உட்கார்ந்த வகுப்பு. இன்னொரு பக்கம், பிரிட்டனில் 8,000க்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களிடம் செய்து 2022ல் வெளியான பெரிய ஆய்வில், வகுப்பு மொத்தத்துக்கும் மைண்ட்ஃபுல்னெஸ் பாடம் எடுத்தும், எடுக்காத பள்ளிகளைவிட எந்த முன்னேற்றமும் தெரியல. மாத்திரை மாதிரி எல்லாருக்கும் கொடுத்தால் வேலை செய்யும் பொருள் இல்லை இது. 2017ல் பிரவுன் பல்கலைக்கழகத்தின் லிண்டால், பிரிட்டன் குழு, தியானம் செய்பவர்களையும் சொல்லிக்கொடுப்பவர்களையும் விரிவாகப் பேட்டி கண்டு ஒரு கட்டுரை வெளியிட்டது. பயம், தூக்கமின்மை, தன் உடம்பே தன்னுடையது இல்லை போன்ற உணர்வு எல்லாம் அதில் இருக்கு. தி.நகர் ரூமில் என் நண்பனுக்கு நடந்ததை ஏற்கனவே யாரோ எழுதி வைத்திருந்தார்கள். எங்க ரெண்டு பேருக்கும்தான் தெரியாது.

"குருவே தேவையில்லைன்னு சொன்னவர் நம்ம அடையாறில்தானே இருந்தார்?" என்று யாராவது கேட்பீங்க. நியாயமான கேள்வி. 1909ல் அடையாறு கடற்கரையில் லெட்பீட்டர் கண்ணில் பட்டு, உலக குருவாக வளர்க்கப்பட்டு, 1929ல் அந்த அமைப்பையே கலைத்துவிட்டு வெளியே வந்தவர் ஜே.கிருஷ்ணமூர்த்தி. எந்த முறையும், எந்த குருவும் உண்மைக்குக் கூட்டிட்டுப் போகாது என்பதுதான் அவர் வாழ்நாள் முழுக்கச் சொன்னது. ஆனா அவரே கிரீன்வேஸ் சாலை வசந்த விஹாரில் வருஷா வருஷம் ஜனங்களுக்கு நடுவே வந்து உட்கார்ந்தார். 1986 ஜனவரியில் கடைசிப் பொதுப் பேச்சும் அங்கேதான். கேள்வி கேட்கச் சொன்னார், கூடச் சேர்ந்து யோசித்தார். குரு வேண்டாம் என்றவர்கூட உரையாடல் வேண்டாம் என்று சொல்லவில்லை. நானும் கால் தொட்டுக் கும்பிட ஒரு குருவைத் தேடச் சொல்லல. கேட்க ஒரு ஆளைத்தான் தேடச் சொல்றேன்.

இன்னொரு எதிர்வாதம் இன்னும் பலமானது. "10 நாள் முகாமுக்கு எங்கே போறது? அட்டெண்டன்ஸ் யார் கொடுப்பா?" உண்மைதான். அதைவிட, எங்க கிளாஸ் பொண்ணு ஒருத்தி சொன்னது மனசில் நிற்குது: "எங்க வீட்டில் இன்டஸ்ட்ரியல் விசிட்டுக்கே விட மாட்டாங்க. பேசாம பத்து நாள் தெரியாத இடத்தில் இருக்கப் போறேன்னா விடுவாங்களா? எனக்கு போன் மட்டும்தான் இருக்கு." அவளுக்கு அந்த ஹெட்போன் குரல் பெரிய விஷயம். அதை யாரும் கேலி பண்ணக் கூடாது. அவளைப் போன்றவங்களை மனசில் வைத்துத்தான் கீழே இருப்பதை எழுதுகிறேன்.

வீட்டில் ஆரம்பிக்கிறீங்கன்னா ஆனாபானாவில் ஆரம்பிங்க. 10 நிமிஷம், மிஞ்சிப் போனா 20. நாற்காலியில் உட்கார்ந்தால் போதும், பத்மாசனம் எல்லாம் அவசியமில்லை. கைபேசியை ஏரோபிளேன் மோடில் போட்டு, முன்கூட்டியே டவுன்லோடு பண்ணின ஆடியோவைக் கேளுங்க. இல்லைன்னா அந்தக் குரலுக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு ஸ்விக்கி ஆஃபர் வந்து நிற்கும். குக்கர் விசில், டிவி சத்தம் இடைஞ்சல் இல்லை. அதுவும் வந்து போகும் சத்தம்தான். 'தொடர்ந்து எத்தனை நாள்' என்று எண்ணும் கவுண்டரை ஆஃப் பண்ணுங்க. தியானத்தை ஸ்னாப்சாட் ஸ்ட்ரீக் மாதிரி ஆக்க வேண்டாம். வீட்டில் தனியா 10 நாள் முகாம் போடும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

உட்காரும்போது பயம் ஏறுச்சுன்னா, படபடப்பு நிற்கலைன்னா, கண்ணைத் திறங்க. எழுந்து நடங்க. நாகேஸ்வர ராவ் பார்க்கோ பனகல் பார்க்கோ, நாலு மனுஷங்க நடக்கும் இடத்துக்குப் போங்க. சூடா ஏதாவது சாப்பிடுங்க. நிறுத்தினால் தோற்றுவிட்டோம் என்று அர்த்தமே இல்லை. ரெண்டு ராத்திரி தூக்கம் வரலைன்னாலோ, எதுவும் நிஜமில்லாத மாதிரி தோன்றினாலோ, தியானத்தை விட்டுட்டு டாக்டரைப் பாருங்க. ராத்திரி எந்த நேரமானாலும் 14416, டெலி-மானஸ். இலவசம், தமிழில் பேசலாம். ஏற்கனவே மனநலத்துக்கு மருந்து எடுப்பவங்க, ஆரம்பிக்கும் முன்னாடியே தன் டாக்டரிடம் கேட்டுடுங்க. மருந்தை நீங்களா நிறுத்தாதீங்க.

கேட்கும் ஆள் எங்கே கிடைப்பாங்க? நாமே ஒருத்தருக்கு ஒருத்தர் இருக்கலாம், முதல் படிக்கு. எங்க டிபார்ட்மென்ட்டில் அஞ்சு பேர் போன மாசத்திலிருந்து இதைச் செய்றோம். வியாழக்கிழமை கிளாஸ் முடிஞ்சதும் ஒரு காலி வகுப்பறை. 15 நிமிஷம் ஒரே ஆடியோவைப் போட்டு உட்கார்வோம். அடுத்த 15 நிமிஷம் ஒவ்வொருத்தரா சொல்வோம்: இந்த வாரம் என்ன நடந்தது, எங்கே மாட்டிக்கிட்டோம். யாரும் அட்வைஸ் பண்ணக் கூடாது என்பது ஒரே விதி. பாதி நாள் "தூங்கிட்டேன்பா" என்பதுதான் பதில். அதுவே பெரிய நிம்மதி, ஏன்னா எல்லாரும் தூங்கியிருப்பாங்க. எங்களால் தாங்க முடியாத விஷயம் வந்தால் காலேஜ் கவுன்சிலரிடம் சேர்ந்து போவது என்று முடிவு பண்ணியிருக்கோம். ஒருத்தன் இந்த செமஸ்டர் லீவில் திருமுடிவாக்கத்துக்கு விண்ணப்பிக்கிறான். அந்த நாலாம் நாள் ராத்திரி எனக்கு போன் பண்ணினவனும் வருகிறான். அவன் கண்ணை மூடுவதில்லை. ஜன்னல் வழியா வேப்பமரத்தைப் பார்த்துட்டு உட்கார்ந்திருப்பான். அது அவனுக்குப் போதும், எங்களுக்கும் சரிதான்.

காலேஜ் நிர்வாகத்திடம் நான் கேட்பதும் பெரிசா ஒண்ணும் இல்லை. வருஷத்துக்கு ஒரு "ஸ்ட்ரெஸ் மேனேஜ்மென்ட் வெபினார்" போட்டு, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அட்டெண்டன்ஸ் போடுவதற்குப் பதிலா, வாரத்துக்கு அரை மணி நேரம் ஒரு ரூமின் சாவியைக் கொடுங்க.

உங்களிடம் கேட்பது இன்னும் சின்னது. அடுத்த தடவை குரூப்பில் தியான லிங்க் அனுப்பும்போது, அதோட நிறுத்தாதீங்க. ஒரு வாரம் கழிச்சு, அனுப்பின ஆளுக்குத் தனியா ஒரு மெசேஜ் போடுங்க: "உட்கார்ந்தியா? எப்படி இருந்தது?" பதில் வந்தா, முழுசா கேளுங்க.